ஆளில்லாத மதுரை

1858-இல் எடுத்த மதுரைத் தெப்பக்குளத்தின் படம் ஒன்று உண்டு. நடுவில் மைய மண்டபம், சுற்றிலும் குளம், மேலே வெளுத்த வானம். எடுத்தவர் கேப்டன் லினியஸ் ட்ரைப். யாரிடம் காட்டினாலும் முதலில் வரும் வார்த்தை ஒன்றுதான்: "அப்போ ஊர் எவ்வளவு அமைதியா இருந்திருக்கு!"

ஆனால் ட்ரைப் மதுரையில் படம் எடுத்தது ஜனவரி, பிப்ரவரி மாதங்களில். அதாவது தை மாதத்தை ஒட்டி. தைப்பூசத்துக்கு மீனாட்சியும் சுந்தரேசுவரரும் இதே குளத்துக்கு எழுந்தருளி, வடம் பிடித்து இழுக்கும் தெப்பத்தில் மண்டபத்தைச் சுற்றி வரும் பருவம் அது. சுற்றுவட்டாரமே திரண்டு வருகிற திருவிழா. அந்த மதுரை ட்ரைப்பின் படத்தில் இல்லை. தெப்பக்குளம் என்றில்லை, அவர் எடுத்த மதுரைப் படங்களில் பெரும்பாலானவற்றில் ஆளே கிடையாது. வைகைக் கரையிலும் இல்லை, கோயில் பிராகாரத்திலும் இல்லை, நாயக்கர் மகாலிலும் இல்லை.

ஊர் காலியாக இல்லை என்றால் படம் மட்டும் ஏன் காலியாக இருக்கிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் 19-ஆம் நூற்றாண்டு நிலக்காட்சிப் படங்களைப் பற்றிப் பெரும்பகுதி புரிந்துவிடும்.

ட்ரைப் இங்கிலாந்தில் டெவன்போர்ட் துறைமுகத்தில் 1822-இல் பிறந்தவர். பதின்ம வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ராணுவத்தில் சேர்ந்து இங்கே வந்துவிட்டார். இடையில் விடுப்பில் ஊர் போனபோதுதான் புகைப்படக்கலையைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்து ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். 1855 சென்னைக் கண்காட்சியில் அவற்றுக்குப் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு பர்மா அரசர் மிண்டோனிடம் ஆங்கிலேயத் தூதுக்குழு ஒன்று போனபோது அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக இவரையும் அனுப்பினார்கள். அங்கிருந்து கொண்டுவந்த 120 படங்கள் அவருடைய பெயரை நிலைநாட்டின. 1856-இல் மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர் ஆனார்.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களோடு கிளம்பினார். அன்றைய சேலம் மாவட்டத்து ராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி ஏறத்தாழ நாலரை மாதம். வடக்கே சிப்பாய்ப் புரட்சி இன்னும் அடங்காத நேரம். ராணுவ அதிகாரி ஒருவர் அந்தச் சமயத்தில் துப்பாக்கியை விட்டுவிட்டுக் கேமராவோடு கோயில் கோயிலாகப் போயிருக்கிறார் என்பதே தெற்கில் நிலைமை எப்படி இருந்தது என்பதைக் காட்டுகிறது.

சரி, அந்த வண்டிகளில் என்ன இருந்தது? அதில்தான் நம் கேள்விக்கான முதல் பதில் இருக்கிறது.

ட்ரைப் பயன்படுத்தியது மெழுகுக் காகித முறை. பிரான்சில் குஸ்தாவ் ல கிரே 1851-இல் வெளியிட்ட முறை அது. முதலில் நல்ல மெல்லிய காகிதத்தை உருகிய மெழுகில் ஊறவைப்பார்கள். பிறகு அதை உறிஞ்சு தாள்களுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டு, கூடுதல் மெழுகை எடுத்துவிடுவார்கள். அப்புறம் பொட்டாசியம் அயோடைடு கரைசலில் முக்குவார்கள். ல கிரேயின் குறிப்பில் இந்தக் கரைசலுக்கு அடிப்படையே அரிசி வேகவைத்த தண்ணீர்தான். ஆமாம், நம் வீட்டுக் கஞ்சித் தண்ணீர். காகிதம் காய்ந்ததும் இருட்டறையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சில்வர் நைட்ரேட் குளியல், அலசல், மறுபடி உலர்த்தல். இப்போதுதான் அது வெளிச்சத்தை உணரும் தாளாகிறது.

இந்த முறைக்கு ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. காகிதத்தைக் காய்ந்த நிலையிலேயே பயன்படுத்தலாம். சில நாள் முன்பே தயாரித்து அடுக்கி வைத்துக்கொள்ளலாம். அதே காலத்துக் கண்ணாடித் தகட்டு முறையான கொல்லோடியனில் தகடு ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்து, உடனே கழுவியாக வேண்டும். போகிற இடமெல்லாம் ஓர் இருட்டுக் கூடாரம் வேண்டும். கண்ணாடி உடையும் என்ற பயம் வேறு. மதுரை வரை வண்டிச் சாலையில் குலுங்கிக் குலுங்கிப் போகிறவருக்குக் காகிதம் எவ்வளவோ மேல்.

அதற்கு அவர் கொடுத்த விலை நேரம். மெழுகுக் காகிதம் மந்தமானது. நல்ல வெயிலிலேயே ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். தூண்களுக்கு நடுவே நிழல் அடைந்த மண்டபம் என்றால் அதைவிட மிக நீண்ட நேரம். அத்தனை நேரமும் கேமராவின் முன்னால் ஒருவர் நடந்து போனார் என்று வையுங்கள். தாளின் ஒவ்வொரு இடத்திலும் அவர் இருந்தது ஓரிரு நொடிதான். மீதி நேரமெல்லாம் அதே இடத்தில் பின்னால் உள்ள சுவரும் தரையும் பதிந்துகொண்டே இருக்கும். ஆள் கரைந்துவிடுவார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனால் புகை மாதிரி ஒரு தடம் விழும். முழு நேரமும் அசையாமல் நின்றவர் மட்டுமே படத்தில் மனிதராக மிஞ்சுவார். சந்தைக்குப் போகிறவரும், குளிக்கப் போகிறவரும், மாட்டை ஓட்டிப் போகிறவரும் நிற்கமாட்டார்களே. கல் நிற்கும். ஆகவே படத்தில் கல் இருக்கிறது.

எடுத்த பிறகும் வேலை பாதிதான். அன்று மாலையே தாளைக் காலிக் அமிலத் தட்டில் போட்டு, உருவம் எழும்பும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் கரைசல் சீக்கிரம் பழுப்பேறி, தாளில் கறை விட்டுவிடும். பிறகு ஹைப்போ என்ற ரசாயனத்தில் நிலைநிறுத்தி, நன்றாக அலசி, காயவைத்து, மெழுகு மீண்டும் இளகுமாறு லேசாகச் சூடு காட்டினால் நெகட்டிவ், அதாவது வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகப் பதிந்த அந்தத் தாள், கண்ணாடி மாதிரித் தெளியும். ட்ரைப்பின் தாள் ஏறக்குறைய 10 அங்குலத்துக்கு 14 அங்குலம். அந்தக் காலத்தில் பெரிதாக்கி அச்சிடும் வழக்கமில்லை. நெகட்டிவ் எந்த அளவோ அச்சுப்படமும் அதே அளவு, நெகட்டிவின் கீழ் உப்புத்தாள் என்ற, வெளிச்சத்தை உணரும் இன்னொரு தாளை வைத்து வெயிலில் காட்டி எடுப்பதுதான். பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய கேமரா. தூக்கவும், தண்ணீர் கொண்டுவரவும், தட்டுகளைக் கழுவவும் ஆட்கள். அந்த ஆட்கள் எல்லாரும் கேமராவுக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள். அவர்கள் பெயர் படங்களின் அடியில் ஏறவில்லை. எனக்கு அது எப்போதும் உறுத்தும்.

வானத்துக்கு வருவோம். அந்தக் கால ரசாயனம் நீல ஒளியைத்தான் பிரமாதமாக உணரும். பச்சையும் சிவப்பும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. நீல வானம் தாளில் அளவுக்கு மீறி எரிந்து, அச்சில் வெள்ளையாகிவிடும். இலைகள் கறுத்துத் திரளும். செம்மண்ணும் செங்கல்லும் நிஜத்தைவிட அடர்ந்து தெரியும். பழைய படங்களில் தென்னந்தோப்பு ஒரு கறுப்புக் குவியலாகத் தெரிவதற்கும், ஊர் முழுக்க ஏதோ மந்தாரம் கவிந்தமாதிரி இருப்பதற்கும் காரணம் இதுதான். அந்தக் காலத்து மதுரை வெயில் நம் வெயிலைவிட மங்கலானது இல்லை.

ட்ரைப்புக்கு வெற்று வானம் பிடிக்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகம் வரைந்தார். நெகட்டிவில் எங்கே வண்ணம் படிகிறதோ அங்கே வெளிச்சம் தடைபடும், அச்சில் அந்த இடம் வெளுக்கும். இந்த நுட்பத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லிய பூச்சில் மேகத் திட்டுகளை உண்டாக்கினார். சில நெகட்டிவ்களில் மரக்கிளைகளின் இலைகளுக்கும் தண்ணீரின் பரப்புக்கும்கூடத் தூரிகை பட்டிருக்கிறது. அவருடைய காகித நெகட்டிவ்கள் பல இன்று லண்டனில் பாதுகாக்கப்படுகின்றன. ஆய்வாளர்கள் அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இந்தப் பூச்சுகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். எனவே ட்ரைப்பின் படத்தில் அழகான ஒரு மேகத்தைப் பார்த்தால், அது அன்றைய மதுரை வானிலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவருடைய கை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதை ஏமாற்று என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைத் தாள் தவறவிட்டது. அவர் திருத்தினார்.

ஆனால் ஆளில்லாமைக்கு ரசாயனம் மட்டும் காரணம் என்று விட்டுவிட முடியாது. வேண்டும் என்று நினைத்திருந்தால் நாலு பேரை அசையாமல் நிற்கச் சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் பலர் தூணின் உயரம் தெரியட்டும் என்று ஓர் ஆளைப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ட்ரைப் பெரும்பாலும் அதைச் செய்யவில்லை. அவருக்குக் கொடுத்த வேலை அப்படி.

1855-இல் லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர் குழு, பழஞ்சின்னங்களைப் பதிவு செய்ய ஓவியர்களைவிடப் புகைப்படம் துல்லியமானது, செலவும் குறைவு என்று முடிவெடுத்தது. பம்பாய் மாகாணத்தில் கேப்டன் தாமஸ் பிக்ஸ் அதே ஆண்டு இந்த வேலையைத் தொடங்கினார். மெட்ராஸில் ட்ரைப். கட்டடம், சிற்பம், கல்வெட்டு, இவற்றின் கணக்கெடுப்பு. ஆள வந்த இடத்தில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போடும் வேலையின் ஒரு பகுதி என்றே இதைச் சொல்ல வேண்டும். மக்களைக் கணக்கெடுக்க அரசிடம் வேறு வழிகள் இருந்தன.

இந்தக் கணக்கெடுப்பு மனநிலை எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தஞ்சையில் பார்க்கலாம். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டின் ஒரு பக்கத்தை அவர் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீள ஒரே படமாக்கினார். வெயிலில் கேமராவை ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில், அடி அடியாக நகர்த்தி நகர்த்தி எடுத்திருக்க வேண்டும். ராஜராஜன் கோயில் கல்வெட்டுகள் முறையாகப் படிக்கப்பட்டு அச்சேறத் தொடங்கியதற்கு 30 ஆண்டுகளுக்கு மேல் முந்தைய வேலை இது. அந்த ஒரு படத்துக்காகவே இவரை நான் நெஞ்சார வணங்குவேன். அதிலும் ஆள் கிடையாது. எழுத்து இருக்கிறது, போதும்.

கோயிலுக்குள் அவர் எதை எடுத்தார், எதை எடுக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். புது மண்டபத்தின் உள்நடை, பொற்றாமரைக் குளம், வெளிப்பிராகாரம், கோயில் நகைகள் என்று மதுரைத் தொகுதிகளில் நிறைய இருக்கிறது. கருவறை இருக்காது. வேற்று மதத்தார் எதுவரை வரலாம் என்ற எல்லையில்தான் கேமராவும் நின்றது. ஒரு மதுரைக்காரருக்குக் கோயில் என்றால் எது முக்கியமோ அது இந்தப் படங்களுக்கு வெளியே இருக்கிறது.

இதற்கு முன்பு மதுரையை வரைந்த வெள்ளைக்காரர்கள் ஆட்களை விட்டுவிடவில்லை. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஓவியர்கள் 1792-இல் மதுரைக்கு வந்தார்கள். அப்படிப்பட்ட ஓவியர்களின் நிலக்காட்சிகளில் இடிந்த கட்டடம் ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம், முன்னால் அளவாக நாலைந்து மனிதர்கள் என்று ஓர் இலக்கணம் இருந்தது. ஓவியர் நினைத்த இடத்தில் ஆளை வைக்கலாம், வேண்டாதவரை விட்டுவிடலாம். அந்தக் கூட்டமும் வரவழைத்த கூட்டம்தான். புகைப்படம் வந்ததும் இடிபாடும் மரமும் அப்படியே இருக்க, ஆட்கள் மட்டும் கழன்றுகொண்டார்கள். மிச்சம் இருந்தது பாழடைந்த ஊர் என்ற தோற்றம். அதைப் பார்த்த லண்டன்காரர், இந்த நாட்டில் பழம்பெருமை உண்டு, இப்போது யாரும் இல்லை என்று எளிதாக நினைத்திருப்பார். படம் பொய் சொல்லவில்லை, ஆனாலும் அப்படி ஓர் எண்ணத்துக்கு இடம் கொடுத்தது.

உண்மையில் 1858-இன் மதுரை பாழடைந்த ஊரே அல்ல. அடுத்தடுத்து இடித்துக் கட்டிக்கொண்டிருந்த ஊர். நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவர்களை 1840-களின் தொடக்கத்துக்குள் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்துத் தள்ளியிருந்தார். அகழியைத் தூர்த்த இடம் மனைகளாகி, ஊர் வெளியே வழிந்தது. வெளி வீதிகள் அப்படி வந்தவை. இடிப்பு வேலையைப் பார்த்துக்கொண்ட மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்களை இரண்டு தெருக்கள் இன்றும் சுமக்கின்றன. பழைய கோட்டைச் சுவரில் ஒரு துண்டு மட்டும் பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் மேலவாசலில் மிஞ்சியிருக்கிறது. பிளாக்பர்ன் நினைவாக ஊரார் ஒரு விளக்குத் தூண் வைத்தார்கள். நாம் துணி எடுக்கப் போகும்போது தினமும் தாண்டிப் போகிற விளக்குத்தூண் அதுதான். ட்ரைப் அதையும் படமெடுத்திருக்கிறார். அவர் வந்தபோது அது சில ஆண்டுகளே ஆன புதுச் சின்னம். கோபுரத்தையும் மகாலையும் எடுத்த அதே மரியாதையோடு ஒரு கலெக்டரின் தூணையும் எடுத்தது, படம் எடுத்தது யாருடைய அரசு என்பதைச் சொல்லிவிடுகிறது.

ஊருக்கு வெளியே எடுத்தவற்றில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று வைகையும் அதைக் கடக்கும் தரைப்பாலமும், அக்கரையில் மதுரையும். வைகையின் குறுக்கே ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலம் வருவதற்கு 30 ஆண்டு முன்பு ஊருக்குள் நுழைகிற வழி எப்படி இருந்தது என்பதை இதைவிட நேராகக் காட்டும் படம் எதையும் நான் பார்த்ததில்லை. இன்னொன்று யானைமலை. ஒரு முனையிலிருந்து பார்த்த காட்சி என்று தலைப்பிலேயே அளவையாளர் மாதிரிக் குறித்திருக்கிறார். சமணர் ஏவிய யானையைச் சுந்தரேசர் நரசிங்கக் கணையால் வீழ்த்த, அது கல்லாய்ச் சமைந்தது என்ற திருவிளையாடல் கதையோடுதான் நாம் அந்த மலையைப் பார்க்கிறோம். கதை தெரியாத ஒருவர், அது ஒரு பாறை, அதன் திரட்சி இவ்வளவு, அதில் வெயில் இப்படி விழுகிறது என்று மட்டும் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதை இந்தப் படத்தில் பார்க்கலாம். இரண்டு பார்வையும் எனக்கு வேண்டும்.

ட்ரைப்பின் வேலை ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெலியன், இதெல்லாம் ஆடம்பரம் என்று செலவை நிறுத்திவிட்டார். பத்தாண்டு கழித்து மெட்ராஸ் அரசு அதே மதுரையை எடுக்க எட்மண்ட் லயன் என்ற இன்னொரு கேப்டனை அமர்த்தியது. அவர் எடுத்தது கண்ணாடித் தகட்டில். 1875-இல் திருச்சியிலிருந்து ரயில் வந்தது. பயணிகள் வந்தார்கள். சென்னையின் நிக்கோலஸ் கம்பெனி போன்ற ஸ்டூடியோக்கள் மதுரைக் காட்சிகளை விற்கத் தொடங்கின. அரசுக் கோப்புக்குள் இருந்த மதுரை, ஆல்பத்தில் ஒட்டுகிற மதுரை ஆகிவிட்டது.

இத்தனை இடைவெளிகள் இருந்தும் இந்தப் படங்கள் எவ்வளவு பெரிய சாட்சி என்பதற்கு மகால் ஒன்று போதும். 1636-இல் திருமலை நாயக்கர் கட்டியதில் பெரும்பகுதியை அவர் பேரன் சொக்கநாதர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டார். மிஞ்சியதை 1860-களின் கடைசியில் தொடங்கி ஆளுநர் நேப்பியர் பிரபுவின் ஆதரவில் கட்டடக்கலைஞர் சிஷோம் பழுதுபார்த்தார். நாம் இன்று டிக்கெட் வாங்கிப் பார்ப்பது அந்தப் பழுதுபார்ப்புக்குப் பின்னால் வந்த மகால். அதற்கு முன்னால் மகால் எந்த நிலையில் இருந்தது என்று கேட்டால் கையில் எடுத்து வைக்க ட்ரைப்பின் படங்கள் இருக்கின்றன. அசையாத பொருளைப் பொறுத்தவரை அந்தக் காகிதத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்.

அசைவது என்ன ஆகும் என்பதைச் சொந்தக் கண்ணால் பார்க்க ஒரு நாள் ஆசை வந்தது. நண்பரின் கேமராவையும் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டர் ஒன்றையும் கடன் வாங்கிக்கொண்டு காலை பதினொரு மணிக்கு விளக்குத்தூண் பக்கம் போனேன். முகூர்த்த நாள் நெருங்கிய நேரம். கால் வைக்க இடமில்லாத கூட்டம். மூன்று நிமிடம் திறந்து வைத்து எடுத்தேன். ஆட்டோக்கள் இல்லை, பைக்குகள் இல்லை, துணிப்பையோடு போன அத்தனை பேரும் இல்லை. தூண் நிற்கிறது, சுற்றித் தரையில் லேசான ஒரு மூட்டம். ஓரத்தில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா மட்டும் பதிந்திருந்தார். கூடையும் முழங்காலும் தெளிவாக இருந்தன. முகம் சற்றுக் கலங்கியிருந்தது. பூத் தொடுத்த இரண்டு கைகளும் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புகை.